ரேடார், டவர், மைக்ரோவேவ் அடுப்பு: வேலை பார்க்கிறவர்கள் கண்ணைக் காப்பது எப்படி

காசிமேட்டில் விசைப்படகின் கேபின் கூரையில் ஏறி ரேடார் ஸ்கேனரை (சுற்றுகிற ஆன்டெனாவை) கழற்றுகிறவர், திருவொற்றியூரில் மொட்டை மாடி டவரில் ஆன்டெனா மாற்றுகிறவர், வண்ணாரப்பேட்டையில் மைக்ரோவேவ் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவர் என மூன்று பேரும் கையாளுவது ஒரே குடும்பத்து அலையைத்தான். 300 மெகாஹெர்ட்ஸ் முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரை உள்ள ரேடியோ அலைகளுக்கு மைக்ரோவேவ் என்று பெயர். செல்போன் டவர்கள் பெரும்பாலும் 700 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்கின்றன. அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ், படகு ரேடார் சுமார் 9.4 கிகாஹெர்ட்ஸ். எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் சக்தி இந்த அலைகளுக்குக் கிடையாது. திசுவைச் சூடாக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சூட்டைத் தாங்க முடியாத இடங்களில் கண்ணின் லென்ஸ் முக்கியமானது.

டவர் பக்கத்தில் வீடு இருக்கிறதே, கண் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் ஏராளம். ஓடுகிற ரேடார் எதிரே முகத்தை வைத்துக்கொண்டு நட்டு திருகுகிறவருக்கோ பயமே இருப்பதில்லை. இந்த இரண்டும் இடம் மாற வேண்டும். எங்கே பயப்பட வேண்டும், அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதை வேலை வாரியாக எழுதியிருக்கிறோம்.

வலி வராது

லென்ஸுக்குள் ரத்தக் குழாய் கிடையாது. கையில் சூடு பட்டால் ரத்தம் ஓடி வந்து அந்தச் சூட்டை எடுத்துப் போகும். லென்ஸுக்கு அந்த வசதி இல்லை. அதைச் சுற்றியுள்ள கண்நீர்மம்தான் மெதுவாகக் குளிர்விக்க வேண்டும். சூட்டை உணர்ந்து எச்சரிக்கிற நரம்பும் லென்ஸில் இல்லை. லென்ஸ் தெளிவாக இருப்பதே அதன் புரதங்கள் ஒழுங்காக அடுக்கியிருப்பதால்தான். சூட்டில் அவை கெட்டியானால், வெந்த முட்டையின் வெள்ளைக்கரு திரும்பத் தெளியாதது போல, அந்த இடம் வெள்ளையாகவே நின்றுவிடும். அதுதான் கண்புரை.

முயல்களை வைத்து நடந்த சோதனைகளில், 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையைச் சதுர சென்டிமீட்டருக்கு 100 முதல் 150 மில்லிவாட் வரை ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கண்ணில் நேராகக் காட்டியபோது, லென்ஸுக்குப் பின்னால் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியதும் புரை விழுந்தது. பெரும்பாலும் அது லென்ஸின் பின்பக்க உறையை ஒட்டி வந்தது. மனிதரில், மைக்ரோவேவ் ஜெனரேட்டரை இயக்கிய ஒரு டெக்னீஷியனின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்ததை 1952-இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இன்றைய பாதுகாப்பு வரம்புக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கு மைக்ரோவேவால் கண்புரை வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆகவே வரம்பு எங்கே உடைகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

‘சூடே தெரியலையே சார், அப்புறம் என்ன?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எண்ணிலேயே பதில் இருக்கிறது. முதுகுத் தோலில் 10 வினாடி அலையைக் காட்டிச் செய்த சோதனையில், 2.45 கிகாஹெர்ட்ஸில் லேசான வெதுவெதுப்பு தெரியவே சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 63 மில்லிவாட் தேவைப்பட்டது. வேலை பார்ப்பவருக்கான வரம்பு 5 மில்லிவாட். அதாவது வரம்பைப் பன்னிரண்டு மடங்கு தாண்டிய பிறகுதான் தோல் முதல் தகவலே சொல்கிறது. 10 கிகாஹெர்ட்ஸ் பக்கம் அலை தோலின் மேல்மட்டத்திலேயே உறிஞ்சப்படுவதால் சுமார் 20 மில்லிவாட்டில் தெரியும். அதுவும் நான்கு மடங்கு தாமதம்தான்.

வரம்பு எவ்வளவு

அயனியாக்காத கதிர்வீச்சுக்கான சர்வதேசப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 வழிகாட்டுதலை எடுத்துக்கொள்ளுங்கள். 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் வேலை பார்ப்பவருக்குச் சதுர மீட்டருக்கு 50 வாட், பொதுமக்களுக்கு 10 வாட். இது முழு உடம்புக்கான அளவு, 30 நிமிடச் சராசரி. தலை போன்ற ஓர் இடத்தில் மட்டும் படுவதற்கு 6 நிமிடச் சராசரியில் தனி வரம்பு உண்டு. வேலைத்தளத்தில் இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். முகம் இருக்கும் இடத்தில் 50 வாட்டைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால் கண்ணுக்குப் போதுமான பாதுகாப்பு. சதுர மீட்டருக்கு 10 வாட் என்பதும் சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிவாட் என்பதும் ஒன்றே. மீட்டர் எந்த அலகில் காட்டுகிறது என்று பார்க்காமல் படித்துப் பத்து மடங்கு தப்பாக எழுதுவது அடிக்கடி நடக்கிறது.

900 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவுக்கு வரம்பு இன்னும் குறைவு. மெகாஹெர்ட்ஸ் எண்ணை 40-ஆல் வகுத்தால் வருகிற 22.5 வாட்தான் அங்கே வேலை பார்ப்பவருக்கு. செல்போன் டவரிலிருந்து பொதுமக்களுக்கான வரம்பை இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. டவருக்குக் கீழே குடியிருப்பவர் கண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். ஆன்டெனாவின் கதிர் கிடைமட்டமாக வெளியே போகிறது, நேர் கீழே இறங்குவதில்லை என்பது இன்னொரு காரணம்.

விசைப்படகு ரேடார்

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். வட சென்னையில் மேலதிகாரி, பாதுகாப்பு அலுவலர், பெர்மிட் எதுவும் இல்லாமல் நடக்கிற மைக்ரோவேவ் வேலை இதுதான்.

படகு ரேடாரில் 4 கிலோவாட், 6 கிலோவாட் என்று எழுதியிருப்பது உச்ச சக்தி. அது மைக்ரோ வினாடிக் கணக்கில் துடிப்பாக வெளியே வருகிறது. கண்ணைச் சூடாக்குவது சராசரி சக்தி. கணக்கு எளிது: உச்ச சக்தியைத் துடிப்பின் நீளத்தால் பெருக்கி, ஒரு வினாடிக்கு எத்தனை துடிப்பு என்பதால் பெருக்குங்கள். 4,000 வாட், 0.8 மைக்ரோ வினாடி, வினாடிக்கு 600 துடிப்பு என்றால் 1.92 வாட் வரும். 25 கிலோவாட், 1.2 மைக்ரோ வினாடி, 600 துடிப்பு என்றால் 18 வாட்.

இரண்டு வாட்தானே என்று விட்டுவிடக் கூடாது. அந்த இரண்டு வாட்டும் ஒரு குறுகலான பட்டைக்குள் அடைத்து வருகிறது. ஆன்டெனாவுக்கு மிக அருகே அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஒரு மோசமான நிலைக் கணக்கு உண்டு: சராசரி சக்தியை நான்கால் பெருக்கி, ஆன்டெனா முகப்பின் பரப்பால் வகுக்க வேண்டும். 1.2 மீட்டர் நீளமும் 8 சென்டிமீட்டர் உயரமும் உள்ள திறந்த ஸ்கேனருக்கு இது சதுர மீட்டருக்கு 80 வாட். வரம்பு 50. ஸ்கேனர் சுற்றிக்கொண்டிருந்தால், இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவர் முகத்தில் அந்தப் பட்டை நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் படும். சராசரி 8 வாட்டுக்கு இறங்கிவிடும். ஆகவே சுற்றுகிற ரேடாரை விட, நின்றபடியே அலையை அனுப்புகிற ரேடார்தான் கண்ணுக்குக் கெடுதல். புது ரேடார்களில் சுற்றல் நின்றால் டிரான்ஸ்மிட்டும் தானாக நிற்கும். ஆனால் சர்வீஸ் மெனுவில் அந்தத் தடையை எடுத்துவிட்டு, ஸ்கேனரை நிறுத்தி வைத்துக்கொண்டே அலையை அனுப்ப முடியும். மோட்டாரோ கியரோ மாட்டிக்கொண்ட பழைய செட்டிலும் இதே நிலை வரலாம். ‘ஸ்கேனர் நிக்குது, ஏறிப் பாரு’ என்று கீழேயிருந்து குரல் கொடுக்கிற அந்த நொடியே மிக மோசமான நொடி.

மேலே ஏறும் முன் இந்த வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்:

1. டிஸ்பிளேயில் டிரான்ஸ்மிட்டிலிருந்து ஸ்டாண்ட்பைக்குக் கொண்டு வாருங்கள். பிறகு பவரை அணையுங்கள். ஸ்டாண்ட்பையோடு விட்டால் போதாது, ஒரே பட்டன் தொட்டால் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும்.

2. ரேடாருக்குப் போகிற டி.சி. பிரேக்கரை இறக்குங்கள், அல்லது பியூஸைக் கழற்றி சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். பியூஸ் மேலே ஏறுகிறவர் பையில்தான் இருக்க வேண்டும், டிரைவர் கையில் கூடாது.

3. டிஸ்பிளேயின் பவர் பட்டன் மேல் காகித டேப் ஒட்டி, ‘மேலே ஆள் இருக்கார், ஆன் பண்ணாதே’ என்று பெரிதாக எழுதுங்கள். மழையிலும் மீன் கையிலும் அழியாத மார்க்கர் வேண்டும்.

4. கேபினில் இரண்டாவது டிஸ்பிளே இருந்தால் அதையும் அணையுங்கள். இரண்டாவதிலிருந்தும் சில செட்களை உயிர்ப்பிக்க முடியும்.

5. ஸ்கேனர் பெட்டியின் அடியில் பாதுகாப்பு சுவிட்ச் இருந்தால் அதையும் அணைத்த பிறகே மூடியைத் திறங்கள். உள்ளே உயர் மின்னழுத்தம் இருக்கிறது. அணைத்துச் சில நிமிடம் காத்திருங்கள்.

6. பக்கத்துப் படகைப் பாருங்கள்.

ஆறாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டியிருக்கும். உங்கள் கேபின் கூரையில் நிற்கும்போது பக்கத்துப் படகின் ஸ்கேனர் சரியாக உங்கள் முகத்தின் உயரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நம்முடையதை அணைத்துவிட்டு அவருடையதற்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பதில் என்ன பயன்? ஏறும் முன் இரண்டு பக்கமும் குரல் கொடுத்து, ரேடார் ஓடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். துறைமுகத்துக்குள் கட்டியிருக்கும் படகில் ரேடார் ஓட எந்த அவசியமும் இல்லை. பழகிப் பார்க்க வேண்டும் என்றால் வார்ஃபை விட்டு வெளியே போன பிறகு ஓட்டலாம்.

புது ஸ்கேனர் பொருத்தும்போதே உயரத்தைச் சரியாக வையுங்கள். கேபின் கூரையில் நேராகப் படுக்க வைத்தால் தளத்தில் வலை இழுக்கிறவர் தலைக்கு நேரே கதிர் போகும். ஒரு சின்ன மாஸ்ட் வைத்து, கூரையில் நிற்பவர் தலைக்கு மேலே போகும்படி தூக்குங்கள். எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று கையேட்டின் முன்பக்கத்தில் போட்டிருப்பார்கள். வழக்கமாக சதுர மீட்டருக்கு 100 வாட், 10 வாட் என்று இரண்டு அளவுக்கும் தனித்தனித் தூரம் இருக்கும். 10 வாட் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் படகில் இருப்பவர் யாரும் ரேடார் பயிற்சி பெற்றவர் அல்ல. அந்தத் தூரத்தைக் கூரையில் பெயின்டால் கோடு போட்டுக் காட்டலாம். பழைய செட் வாங்கினவர்களிடம் கையேடு இருக்காது. மாடல் எண்ணைத் தட்டு மேலிருந்து குறித்துக்கொண்டு அந்த மாடலின் கையேட்டை இணையத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். வேறு மாடலின் எண்ணை வைத்து ஊகிக்காதீர்கள்.

ஸ்கேனரைக் கழற்றும்போது, அலையை உண்டாக்கும் மேக்னட்ரானிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் அலைக்குழாய் திறந்திருக்கும். படகு ரேடாரின் அலைவரிசையான எக்ஸ் பேண்டில் அதன் வாய் 23-க்கு 10 மில்லிமீட்டர்தான். இரண்டு விரல் அகலமுள்ள அந்த ஓட்டை வழியாகத்தான் மொத்த சக்தியும் வெளியே வருகிறது. உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்க்கக் கண்ணை அதன் வாயருகே கொண்டு போவது பழக்கமாகிவிட்டது. பவர் முழுக்கத் துண்டித்த பிறகு டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். அலைக்குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு ‘ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்’ என்பது ஒருபோதும் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் இருக்கும். இன்ஜின், வலை, பெயின்ட் வேலையோடு சுற்றல் நின்றால் டிரான்ஸ்மிட் நிற்கிறதா என்று சோதிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரையில் ஆள் இல்லாதபோது, சுற்றலை மெனுவில் நிறுத்தி, டிஸ்பிளே டிரான்ஸ்மிட் காட்டுகிறதா என்று பார்த்தால் போதும். காட்டினால் சர்வீஸ்காரரிடம் சொல்லி அந்தத் தடையைத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

துறைமுகத்தில் நிற்கிற பெரிய கப்பல்கள்

சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி ஆகிய மூன்று இடத்திலும் கப்பல் மேல்தளத்தில் வேலை பார்க்கிறவருக்கு ‘உயரத்தில் வேலை’ பெர்மிட் இருக்கும். அதில் ரேடார் அணைத்தாயிற்றா என்று ஒரு கட்டம் உண்டு. டிக் போட்டிருப்பதோடு நிறுத்தாமல் பிரிட்ஜில் பணியில் இருக்கும் அதிகாரியிடம் நேரில் கேளுங்கள். கிரேன் பராமரிப்பு ஆட்கள் கப்பலுக்கு வெளியே இருப்பதால் அந்தப் பெர்மிட்டில் வருவதில்லை. ஆனால் கிரேன் மேடை ஸ்கேனர் உயரத்துக்குச் சமமாக இருக்கக்கூடும்.

ரேடாரை விடக் கவனிக்க வேண்டியது வெள்ளைக் கூண்டுக்குள் இருக்கும், செயற்கைக்கோளோடு பேசும் வி-சாட் ஆன்டெனா. அது ரேடார் மாதிரி சுழன்று கடந்து போகாது. செயற்கைக்கோளையே குறிபார்த்து நிற்கும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டில் 8 வாட் தொடர்ந்து போனால், மேலே சொன்ன மோசமான நிலைக் கணக்கில் சதுர மீட்டருக்கு 110 வாட்டுக்கு மேல் வரும். வெளியே எதுவும் அசையாது, சத்தமும் இருக்காது, உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும். கூண்டைத் திறக்கும் முன் டிரான்ஸ்மிட்டரை அணைத்தே ஆக வேண்டும்.

டவர் வேலை

பேனல் ஆன்டெனாவின் முன்பக்கம்தான் பிரச்சினை. பின்பக்கமும் அடிப்பக்கமும் பெரும்பாலும் பாதுகாப்பு. எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதைக் கணக்கிடலாம்: ஆன்டெனாவுக்குப் போகும் வாட்டை அதன் பெருக்கத்தால் (அலையை ஒரு பக்கம் குவித்து எத்தனை மடங்காக்குகிறது என்ற எண்) பெருக்கி, 12.57-ஐயும் வரம்பையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 17 டெசிபல் பெருக்கம் என்றால் 50 மடங்கு. 40 வாட் போகிற 2100 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவுக்கு 50 வாட் வரம்பில் 1.8 மீட்டர். அதே 40 வாட் 900 மெகாஹெர்ட்ஸில் போனால் வரம்பு 22.5 என்பதால் 2.7 மீட்டர். ஒரே பேனலில் நான்கு போர்ட்டிலும் 40 வாட் போனால் 2100-இல் 3.6 மீட்டர். மொட்டை மாடியில் பாராபெட் ஓரமாக முகம் உயரத்தில் நிற்கிற பேனல் முன்னால் குனிந்து கேபிள் கட்டும்போது இடைவெளி முக்கால் மீட்டர்கூட இருக்காது.

ஆகவே முன்பக்கம் போக வேண்டிய வேலைக்கு அந்த செக்டரை (அந்தத் திசைக்கான ஆன்டெனாக்களை) அணைக்கச் சொல்லி, கன்ட்ரோல் ரூமிலிருந்து உறுதி வாங்கி, நேரத்தைக் குறித்துக்கொண்டு ஏறுங்கள். ஒரே டவரில் இரண்டு மூன்று கம்பெனி ஆன்டெனா இருக்கும். உங்கள் கம்பெனியை அணைத்துவிட்டு அடுத்த கம்பெனி பேனல் முன்னால் நிற்கக் கூடாது. டவருக்கு டவர் பேசும் சின்ன வட்டத் தட்டுகள் பார்க்கப் பயமுறுத்தினாலும் அவற்றில் போவது பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் குறைவு. 0.2 வாட் போகும் 60 சென்டிமீட்டர் தட்டின் முன்னால் மோசமான நிலைக் கணக்கில்கூட 3 வாட்டைத் தாண்டாது.

அடுப்பு ரிப்பேர்

மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளிச் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது. தூரம் கூடக் கூட இது வேகமாகக் குறையும். வீட்டில் சமைப்பவருக்கு நல்ல நிலையில் உள்ள அடுப்பால் கண்ணுக்கு ஆபத்து இல்லை. கதவு வளைந்த, கீல் தளர்ந்த அடுப்பைத் திறந்து வைத்து முகத்தை அருகில் கொண்டு போகிற ரிப்பேர்காரர் நிலைமை வேறு. கதவு சுவிட்சை ஒயர் போட்டு ஷார்ட் செய்துவிட்டு, கதவு திறந்த நிலையில் மேக்னட்ரான் ஓடுகிறதா என்று பார்ப்பது தற்கொலைக்குச் சமம். சில நூறு வாட் முகத்துக்கு நேரே வரும். கதவு திறந்தால் அடுப்பை நிறுத்தும் இன்டர்லாக் சுவிட்ச் குறைந்தது இரண்டும், அவை சிக்கிக்கொண்டால் பியூஸை எரிக்கிற ஒரு கண்காணிப்பு சுவிட்சும் இருக்கும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று கண்காணிப்பு சுவிட்சைக் கழற்றிவிடுகிறவர்கள், கதவு திறந்தும் ஓடுகிற அடுப்பை வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

எந்த ரிப்பேரும் முடிந்ததும் கசிவு பார்க்காமல் டெலிவரி கொடுக்காதீர்கள். 600 மில்லி கண்ணாடிக் குவளையில் 275 மில்லி சாதாரணக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, அடுப்பின் நடுவில் வைத்து, முழு பவரில் ஓட்டுங்கள். காலி அடுப்பை ஓட்டினால் மேக்னட்ரான் கெடும், அளவும் தப்பாகும். 2450 மெகாஹெர்ட்ஸுக்கு உரிய கசிவு மீட்டரின் முனையில் 5 சென்டிமீட்டர் இடைவெளிக் கூம்பு மாட்டி, அடுப்புக்குச் செங்குத்தாகப் பிடித்து, கதவின் நான்கு ஓரம், கண்ணாடி, காற்றுத் துளைகள் எல்லாவற்றிலும் வினாடிக்கு 2.5 சென்டிமீட்டருக்கு மிகாமல் மெதுவாக நகர்த்துங்கள். வேகமாக இழுத்தால் ஊசி உச்சத்தைத் தொடும் முன் இடம் கடந்துவிடும். 5 மில்லிவாட்டை நெருங்கினாலே கீலையும் கதவு ஓரத்தையும் மறுபடி பாருங்கள், பெரும்பாலும் அங்கே எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும் அல்லது கதவு சாய்ந்திருக்கும். உள்ளே செல்போனை வைத்து அழைத்துப் பார்க்கிற சோதனை எதையும் நிரூபிக்காது.

கவரைத் திறக்கும் முன் பிளக்கை உருவி, உயர் மின்னழுத்த கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யுங்கள். கண் போகும் முன் உயிர் போகிற இடம் அது.

மீட்டர் ஏமாற்றும் விதம்

ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ரேடியேஷன் மீட்டர்கள் பல 3 அல்லது 8 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 9.4 கிகாஹெர்ட்ஸ் ரேடார் முன்னால் அதைப் பிடித்தால் பூஜ்யம் காட்டும், அதை நம்பி மனிதர் முன்னால் போவார். மீட்டரின் அதிர்வெண் எல்லையை முதலில் படியுங்கள். டையோடு வகைச் சென்சார் துடிப்பு அலையில் தப்பான சராசரியைக் காட்டக்கூடும். ரேடாருக்குத் தெர்மோகப்பிள் வகைதான் நம்பகமானது. காலிபரேஷன் தேதியும் பாருங்கள். நல்ல மீட்டர் வாங்க வசதியில்லை என்றால் கணக்கையும் கையேட்டுத் தூரத்தையும் நம்புங்கள். எக்ஸ்ரே ஊழியர்கள் நெஞ்சில் குத்திக்கொள்கிற, கதிரளவைப் பதியும் டி.எல்.டி. பேட்ஜ் மைக்ரோவேவைப் பதிவு செய்யாது.

கண்ணாடியும் அப்படித்தான். கூலிங் கிளாஸ், வெல்டிங் கண்ணாடி, ஈயக் கண்ணாடி எதுவும் இதற்காகச் செய்ததல்ல. உலோக வலைக் கண்ணாடி என்று தனியாக உண்டு, ஆனால் ஓரத்தில் நுழைகிற அலையை அது தடுக்காது. அதை மாட்டிக்கொண்ட தைரியத்தில் ஓடுகிற ஆன்டெனா முன்னால் போவதற்குப் பதிலாக அணைத்துவிட்டுப் போங்கள். மைக்ரோவேவ் பட்டால் கான்டாக்ட் லென்ஸ் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்பது பழைய வதந்தி, பொய்.

கண் பரிசோதனை

வேலையில் சேரும்போதே ஒரு முறை கண்ணைப் பாருங்கள். பின்னால் புரை கண்டுபிடித்தால், அது முன்பே இருந்ததா என்ற கேள்விக்கு அந்தத் தாள் ஒன்றுதான் பதில் சொல்லும். எழுத்துப் பலகை பார்த்துக் கண்ணாடி எழுதுகிற கடைப் பரிசோதனை போதாது. சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து, ஸ்லிட் லாம்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில்) லென்ஸைப் பார்க்க வேண்டும். ‘பின்னுறையை ஒட்டிப் புரை இருக்கிறதா, எவ்வளவு என்று எழுதித் தாருங்கள், முடிந்தால் படமும் வேண்டும்’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். எந்த அலைவரிசை, எவ்வளவு வாட், எத்தனை வருடம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள், அவர் ஊகிக்க வேண்டாம். கண் அழுத்த நோய் இருந்தால் சொட்டு விடும் முன்பே சொல்லுங்கள்.

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகில். 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் இருக்கிறது. சொட்டு வேலை செய்ய 20, 30 நிமிடம் ஆகும், பார்வை தெளிய பல மணி நேரம் ஆகும். பைக்கில் போகாதீர்கள். விம்கோ நகர், திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் மாறி எழும்பூர் இறங்கலாம். அன்றைக்கு டவரோ மாஸ்ட்டோ ஏறும் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பின்னுறைப் புரையின் அடையாளம் வேறு மாதிரி. வெயிலில் பார்வை மோசமாகும், நிழலில் பரவாயில்லை என்று தோன்றும். கிட்டப் படிப்பது முதலில் சிரமமாகும். எண்ணூர் விரைவுச் சாலையில் எதிரே வரும் கன்டெய்னர் லாரியின் விளக்கு சிதறிக் கண்ணை மறைக்கும். ஆனால் இதே புரை சர்க்கரை நோயாலும், ஸ்டெராய்டு மருந்தாலும், அடிபட்டதாலும் வரும். ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ ஸ்டெராய்டு எடுப்பவர் அதை மறைக்கக் கூடாது. படகுத் தொழிலில் இருப்பவர் கண்ணில் வளர்கிற சதை உப்புக் காற்றாலும் வெயிலாலும் வருவது, ரேடாரால் அல்ல. பகலில் பக்கத்தில் வெல்டிங் நடந்து, இரவில் கண்ணில் மணல் கொட்டியது போல அறுத்தால் அது வெல்டிங் ஒளி. புரை வந்தே விட்டாலும் அறுவை செய்து செயற்கை லென்ஸ் வைத்துப் பார்வையை மீட்கலாம். ஆனால் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் தானாகக் குவிக்கிற இயற்கை லென்ஸின் திறன் அதோடு போய்விடும். சர்க்யூட் போர்டில் வேலை பார்ப்பவருக்கு அது பெரிய இழப்பு.

முகத்தில் நேராகப் பட்டுவிட்டால்

அணையுங்கள், விலகுங்கள். பிறகு நினைவு மங்கும் முன் அங்கேயே எழுதுங்கள்: நேரம், எத்தனை நிமிடம், முகத்துக்கும் ஆன்டெனாவுக்கும் எத்தனை சென்டிமீட்டர், ஸ்கேனர் சுற்றியதா நின்றதா, எந்தக் கண் அருகில் இருந்தது, செட்டின் மாடல் எண். கூட இருந்தவர் கையெழுத்தும் வாங்குங்கள். அன்றோ மறுநாளோ ஸ்லிட் லாம்ப் பரிசோதனை செய்யுங்கள். பார்வை மங்கினால், வலி, சிவப்பு, வெளிச்சத்தில் கூச்சம் இருந்தால் உடனே போங்கள். மருந்துக் கடையில் கண் சிவப்புக்கு என்று கேட்டு வாங்கும் சொட்டில் பல நேரம் ஸ்டெராய்டு இருக்கும். தொடர்ந்து விட்டால் அதுவே பின்னுறைப் புரையையும் கண் அழுத்தத்தையும் கொண்டு வரும், பிறகு எது எதனால் வந்தது என்று பிரிக்கவும் முடியாது.

முதல் பரிசோதனை சரியாக இருந்தாலும் அதோடு விடாதீர்கள். சூட்டால் வரும் புரை தாமதமாகத் தெரியலாம். ஒரு மாதம், மூன்று மாதம், ஒரு வருடம் என்று மறுபடி பாருங்கள், ஒரே மருத்துவமனையில் பார்த்தால் ஒப்பிட எளிது. தொழில் நோய்ப் பட்டியலில் அகச்சிவப்புக் கதிரால் வரும் கண்புரை பெயர் சொல்லியே இருக்கிறது. மைக்ரோவேவுக்கு அப்படித் தனிப் பெயர் இல்லாததால் இழப்பீடு கேட்கிறவர்தான் தொடர்பைக் காட்ட வேண்டியிருக்கும். வேலையில் சேர்ந்தபோது எடுத்த தாள், சம்பவக் குறிப்பு, மாடல் எண், அதன் பிறகு வந்த எல்லா ரிப்போர்ட்டும் ஒரே உறையில் இருக்கட்டும். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் டிஸ்பென்சரியில் முதல் நாளே ‘வேலை நேரத்தில் ரேடார் அலை முகத்தில் பட்டது’ என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். வெறும் கண் எரிச்சல் என்று எழுதிய சீட்டோடு வந்துவிடாதீர்கள்.